எண்பத்தேழாம் ஆண்டுக் கரண்டி

1

போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, கோவில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றேன். அன்றைய பூசை யார் யாருக்காக என்று அச்சடித்த கருத்துத் தாளைக் கையில் பிடித்தபடி நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துவிட்டார்கள். தாளில் இருந்த பெயர்கள் எல்லாம் எங்கள் ஆட்களுடையவை. ஒரு மரியநாயகம், ஒரு திரேசம்மா, இரண்டு அந்தோனிப்பிள்ளை. அவர்களுக்கு நடுவில் இப்படி ஒரு வரி: “அமரர் கோலே, முதலாம் ஆண்டு நினைவு. ஒப்புக்கொடுப்பவர்கள்: அமலதாஸ் குடும்பம்.”

“அமலன் அண்ணை, ஆர் இந்தக் கோலே? உங்கட பக்கமோ, றீற்றா அக்கான்ர பக்கமோ?” என்று பாடகர் குழு ஜெறோம் கேட்டான்.

“ரெண்டு பக்கமும் இல்லை.”

“அப்ப எந்த ஊர்?”

“ஊர் இருக்கு. நாடுதான் இப்ப இல்லை.”

“அண்ணை விடியவெள்ளன பகிடி விடுறார்,” என்று எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஒரு வாய்ப்பனைக் கடித்துக்கொண்டு நழுவிவிட்டேன். ஆனால் நான் சொன்னது பகிடி இல்லை. அன்றைக்கு மண்டபத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

என் வேலை முதியோர் இல்லத்தில். இங்கே கனடாவில், பிரெஞ்சு பேசும் இந்தப் பக்கத்தில், அந்த வேலைக்குப் ‘பிரெபோசே’ என்று பெயர். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. கோட்-டெ-நெய்ஜில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் எடுத்து, அஹுன்ட்சிக் பக்கம் போய் இறங்க வேண்டும். போகும்போது ஒரு செபமாலை சொல்லி முடிக்கலாம். திரும்பும்போது இரண்டு சொல்லலாம், பஸ் பிந்துவதால். இருபத்தொரு வருடமாக இதே பாதைதான்.

கோலே ஐயா எங்கள் மூன்றாம் மாடிக்கு வந்தபோது எண்பத்தாறு வயது. யூகோஸ்லாவியாவில், ஸ்கோப்யே என்ற ஊரில் பிறந்தவர். அந்த நாடு உடைந்து ஆறேழு துண்டாகிவிட்டது. அவருடைய துண்டுக்குக்கூட இடையில் ஒருமுறை பெயர் மாறிவிட்டது. இங்கே கந்தோரில் கணினித் திரையைத் திறந்தால், பிறந்த நாடு என்ற கட்டத்தில் அவருடைய பத்திரத்தில் உள்ள நாடு கிடையாது. எழுதவும் விடாது, இருக்கிற பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். கந்தோர்ப் பெண் பெருமூச்சு விட்டுவிட்டு ஏதோ ஒன்றை அமத்தினாள்.

வந்த காலத்தில் கொஞ்சம் பிரெஞ்சு கதைத்தார். பிறகு மறதி நோய் முற்ற முற்ற பிரெஞ்சு போனது, ஆங்கிலம் போனது, அவருடைய சொந்தப் பாஷை மட்டும் மிஞ்சியது. எங்கள் மாடியில் அதை அறிந்தவர் எவரும் இல்லை. அதோடு சாப்பாடும் நின்றது. எல்லாத்தையும் அரைத்து, செம்மஞ்சளாக ஒரு குவியல், பச்சையாக ஒரு குவியல், மண்ணிறத்தில் ஒரு குவியல் என்று தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். ஐயா பல்லை இறுக்கிக்கொண்டு சன்னலைப் பார்ப்பார். கிழமைக்குக் கிழமை நிறை குறைந்தது. இன்னும் குறைந்தால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிக் குழாய் போடுவதுதான் வழி என்று டொக்டர் சொல்லிவிட்டார். அப்படிப் போனவர்கள் திரும்பி வந்ததை நான் அதிகம் கண்டதில்லை.

அவருடைய மேசை லாச்சியில் நீல மட்டை போட்ட ஒரு கொப்பி இருந்தது. அதில் வரிசை வரிசையாக வருடங்கள். ஒவ்வொரு வருடத்துக்கும் பக்கத்தில் எனக்கு விளங்காத எழுத்தில் ஒரு சொல். வன்கூவரில் இருக்கும் அவருடைய மகள் தொலைபேசியில் கதைத்தபோது கேட்டேன்.

“ஐயோ, அந்தக் கொப்பியா?” என்று சிரித்தார். “அது எங்கட பழைய நாட்டின் உதைபந்தாட்டச் சாம்பியன்கள். அப்பா ஸ்கோப்யே மைதானத்தில ஸ்கோர் பலகைக்கு இலக்கத் தகடு கொழுவினவர். கோல் விழுந்தால் ஏணியில ஏறி நம்பரை மாத்துவார். அவருக்கு அதுதான் வேதாகமம்.”

3

எனக்கு ஒரு யோசனை வந்தது. அது என் சொந்த யோசனை என்று நான் நினைக்கவில்லை, ஆண்டவர் தந்தது. மகள் மெலனியிடம் சொல்லி அந்த நாட்டுச் சாம்பியன் பட்டியலை இன்டர்நெட்டில் எடுத்து அச்சடித்தேன். அதைத் தமிழில் என் செபப்புத்தகத்தின் பின் தாளில் எழுதினேன். வருடங்களை அவருடைய பாஷையில் எப்படிச் சொல்வது என்று ஐயாவின் மகளிடம் கேட்டுப் பழகினேன். கழகங்களின் பெயர் வாயில் நுழையாததால் ஊர்ப் பெயராக எழுதிக்கொண்டேன். பெல்கிரேட்டில் மட்டும் இரண்டு பெரிய அணி. ஒன்றுக்குச் சிவப்பு வெள்ளைச் சட்டை, மற்றதற்குக் கறுப்பு வெள்ளை. ஆகவே பெல்கிரேட் சிவப்பு, பெல்கிரேட் கறுப்பு. அந்த இரண்டு நிறத்துக்கும் அவருடைய பாஷைச் சொல்லையே பழகினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். நாற்பத்தேழு என்றேன். ஐயா திரும்பிப் பார்த்தார். “பெல்கிரேட் கறுப்பு,” என்றேன். வாய் திறந்தது. ஒரு கரண்டி. நாற்பத்தெட்டு, சாக்ரெப். ஒரு கரண்டி. ஐம்பது, ஸ்பிளிட். ஒரு கரண்டி. அறுபதுகளுக்கு வந்தபோது நான் வருடத்தைச் சொல்ல அவரே ஊரைச் சொன்னார். அறுபத்தாறு? நோவி சாட். அறுபத்தேழு? சரயேவோ.

நீங்கள் கோவிலில் புனிதர் மன்றாட்டு மாலை சொல்லியிருப்பீர்கள். முன்னுக்கு ஒருவர் பெயரைச் சொல்ல, பின்னுக்கு எல்லாரும் பதில் சொல்வார்கள். அதே இராகம்தான். எங்களோடு வேலை செய்யும் ஹெயிட்டிக்காரத் தாதி மாரி-ஆஞ்ச் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “தாஸ், நீ இந்த மனிசனுக்குப் பூசை வைக்கிறாயா, சோறு தீத்துகிறாயா?” என்று கேட்டாள். “ரெண்டும் ஒண்டுதான்,” என்றேன் என் உடைந்த பிரெஞ்சில்.

சாப்பிட்டு முடிந்ததும் ஐயா சிலுவை அடையாளம் போடுவார். நாங்கள் இடமிருந்து வலம், அவர் கீழைச் சபைக்காரர், வலமிருந்து இடம். எதிரெதிராக இருந்து போடும்போது கண்ணாடி பார்ப்பது போல இருக்கும்.

இந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு அவமானமும் வந்தது. ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டில், இறந்த ஒருவருக்கு முப்பத்தோராம் நாள் செபம். மன்றாட்டு மாலை எனக்குப் பாடம், புத்தகம் பாராமல்தான் சொல்வேன். புனித யாகப்பரே, புனித அந்தோனியாரே, புனித செபஸ்தியாரே என்று போய்க்கொண்டிருந்த வாய், “நோவி சாட்” என்றது. ஒருவரும் கண் திறக்கவில்லை. வீடு முழுக்க “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது. காரில் வரும்போது என் மனைவி றீற்றா கேட்டாள்: “இஞ்சருங்கோ, ஆர் அந்த நோவி சாட்? பாப்பரசர் புதுசாப் பட்டம் குடுத்தவரோ?” பின் சீற்றில் இருந்த மெலனி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டாள். இந்தப் பிள்ளை எங்களோடு தமிழில் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்கு அந்த நேரம் தோன்றியது. வீட்டில் கேட்டதற்குப் பிரெஞ்சில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிற பிள்ளை அவள்.

4

எல்லாம் நன்றாகப் போனது, எண்பத்தேழாம் ஆண்டு வரும் வரைக்கும்.

முதல் சில நாட்கள் எழுபதுகளிலேயே தட்டு முடிந்துவிட்டது. பசி திரும்பி, தட்டு பெரிதானபோதுதான் எண்பதுகளுக்குள் நுழைந்தோம். எண்பத்தைந்து, சரயேவோ. எண்பத்தாறு, பெல்கிரேட் கறுப்பு. எண்பத்தேழு என்று சொல்லிவிட்டு நான் தாளைப் பார்த்தேன். “பெல்கிரேட் கறுப்பு,” என்றேன்.

ஐயாவின் முகம் மாறியது. கையால் தட்டை ஓங்கித் தட்டினார். கரட் பசை முழுக்க என் சட்டையில். அந்த நேரமும் சாப்பிடவில்லை, அன்று பின்னேரமும் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. நாற்பத்தேழிலிருந்து தொடங்கினாலும் வாய் திறக்கவில்லை. அந்த ஆண்டைச் சொல்லாமல் தாண்டிப் பார்க்கவும் வழியில்லை, ஏனென்றால் அவர் என்னை நம்புவதையே விட்டுவிட்டார்.

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எண்பத்தேழுக்குப் பக்கத்தில் வேறெந்த வருடத்துக்கும் வராத ஒரு சொல், அடியில் இரண்டு கோடு. மெலனியிடம் காட்டினேன். அவள் அரை மணித்தியாலம் போனைத் தேய்த்தாள்.

“பப்பா, செ கோம்ப்ளிக்கே,” என்றாள். சிக்கலான விஷயமாம். பிறகு பாதி தமிழ், பாதி பிரெஞ்சில் சொன்னதை நான் விளங்கிய அளவில் எழுதுகிறேன். அந்தப் பருவம் தொடங்கும்போதே பல அணிகளுக்கு ஆறு ஆறு புள்ளி வெட்டிவிட்டார்கள், முந்திய வருடம் ஆட்டத்தில் ஏதோ களவு நடந்தது என்று. ஸ்கோப்யே அணிக்கு வெட்டு இல்லை. கடைசியில் அவர்கள்தான் முதலாவது. ஊரே ஆடியிருக்கும். சாம்பியன் என்று ஐரோப்பியக் கோப்பைக்கும் போய் விளையாடினார்கள். அதற்குள் வழக்கு நடந்து, புள்ளி வெட்டியது பிழை என்று தீர்ப்பு. வெட்டியதைத் திருப்பிக் கொடுத்துக் கூட்டிப் பார்த்தால் பெல்கிரேட் கறுப்பு மேலே. ஸ்கோப்யே அதற்கு முன்னும் சாம்பியன் ஆனதில்லை, பின்னும் ஆகவில்லை. அந்த நாடு முடியும் மட்டும் அந்த ஒரே ஒரு தரம்தான், அதுவும் எடுபட்டுப் போனது.

“அப்ப ஸ்கோப்யே எண்டு சொன்னால் பொய்தானே?” என்றேன்.

மெலனி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அப்பா, நீங்கள் அந்த ஐயாவுக்குச் சாப்பாடு குடுக்கிறீங்களா, எக்ஸாம் வைக்கிறீங்களா?”

அவள் கேட்டது சரி. ஆனாலும் என் வாய்க்கு அது வரவில்லை. குசினிக்குள் இருந்து றீற்றாவின் குரல் வந்தது: “அது ஏன் உங்கட தொண்டையில நிக்குது எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.”

5

எனக்குத் தெரியும். எங்கள் பங்கில் வயது போனவர்களுக்கும் தெரியும். ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை.

திருவிழாவை ஒட்டி நடக்கும் பங்குகளுக்கு இடையிலான உதைபந்தாட்டம் கரையோர ஊர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வென்ற கோப்பையை ஒருவரும் முத்தமிடக்கூடாது, அதில் சோடா ஊற்றிக் குடிக்கக்கூடாது. மைதானத்திலிருந்து வேர்வையோடு நேரே கோவிலுக்குக் கொண்டுபோய் யாகப்பர் சுரூபத்தின் காலடியில் வைக்க வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம். வென்ற பங்கின் பெயரை எல்லாப் பங்குகளுக்கும் பொதுவான கழக மண்டபச் சுவரில் வருடத்தோடு எழுதுவார்கள். எங்கள் பெயர் அந்தச் சுவரில் அதுவரை ஒரு தரம்கூட ஏறவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். எதிர் அணி பக்கத்துப் பங்கு, என் அம்மாவின் ஊர். எங்கள் கப்டன் சேவியர் அண்ணை, என் பெரியப்பாவின் மகன். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் மூலையில் இருந்து அடித்த பந்து என் தலையில் பட்டுக் கோலுக்குள் போனது. நான் குறிவைத்து இடித்தேன் என்று பிறகு எல்லாருக்கும் சொன்னேன். உண்மையில் பந்துதான் என்னை இடித்தது. ஒன்றுக்குப் பூச்சியம். கோப்பை யாகப்பரின் காலடிக்குப் போனது.

மூன்று கிழமை கழித்து முறைப்பாடு வந்தது. அந்தப் போட்டியின் விதி: ஒரு பங்குக்கு விளையாடுகிறவனின் பெயர் அந்தப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பங்குச் சுவாமி பதிவேட்டைத் திறந்தார். என் தம்பி, தங்கைகள் ஆறு பேரின் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தானே. அம்மா என்னைப் பெற்றது தன் ஊரில், எனக்குத் தண்ணீர் வார்த்தது அந்த ஊர்க் கோவிலில். நாற்பது நாள் கழித்து என்னைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். ஒருவருக்கும் அது ஞாபகமில்லை, எனக்கும் இல்லை. விதிப்படி பார்த்தால் நான் எதிர் அணிக்கு விளையாட வேண்டியவன். எங்கள் கோலை அடித்தவனே அவர்களுடைய ஆள்.

சேவியர் அண்ணை கோப்பையை யாகப்பரின் காலடியில் இருந்து எடுத்து, தன் சேட்டால் துடைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சுவரில் எங்கள் பெயரைச் சுண்ணாம்பால் அழித்து மேலே அவர்களுடைய பெயரை எழுதினார்கள். அண்ணை எனக்கு ஒரு சொல் ஏச்சும் தரவில்லை. ஏசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

கனடாவுக்கு வந்து அகதி விசாரணைக்குப் போனபோது, அதிகாரி இரண்டு பத்திரத்தையும் மேசையில் வைத்துவிட்டு, வளர்ந்தது ஒரு ஊர், ஞானஸ்நானம் இன்னொரு ஊர், ஏன் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலும் சைக்கிள் கரியரில் கட்டிய கோப்பைதான் கண்ணுக்குள் வந்தது.

6

மூன்றாம் நாள் மத்தியானம் தட்டோடு கோலே ஐயாவுக்கு முன்னால் இருந்தேன். டொக்டர் மறுநாள் வருவதாக இருந்தது. ஐயாவின் கன்னம் உள்ளே போயிருந்தது. வாசலில் மாரி-ஆஞ்ச் நின்றாள்.

நான் நாற்பத்தேழில் தொடங்கவில்லை. மனதுக்குள் ஒரு சிறு செபம் சொல்லிவிட்டு, அவருடைய பாஷையில், “ஒசும்டெசெட் இ செட்மா,” என்றேன். எண்பத்தேழு.

ஐயா சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்கோப்யே,” என்றேன்.

மெல்லத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், நான் உண்மையாகத்தான் சொல்கிறேனா என்று பார்ப்பது போல. நான் மறுபடியும் சொன்னேன், இந்தமுறை கொஞ்சம் பலமாக. அவருடைய வலது கை கதிரைப் பிடியிலிருந்து எழும்பி, தலைக்கு மேலே போய், காற்றில் எதையோ கொழுவியது. பிறகு இரண்டு விரலால் அதை நேராக்கியது. ஏணியில் நிற்கிற மனிதன் தகட்டைச் சரி பார்ப்பது போல. “டா, டா,” என்றார். ஓம், ஓம் என்று அர்த்தம். வாய் திறந்தது.

அன்று தட்டு முழுவதும் முடிந்தது. தொண்ணூற்றிரண்டு வரை போனோம், பெல்கிரேட் சிவப்பு. அதற்குப் பிறகு கொப்பியில் வெறும் தாள்கள். ஐயா வலமிருந்து இடம் சிலுவை போட்டார். நான் இடமிருந்து வலம்.

குழாய் போடத் தேவை வரவில்லை. அதன் பிறகு ஐந்து மாதம் இருந்தார். ஒவ்வொரு நாளும் அந்தப் பட்டியல்தான், ஒவ்வொரு நாளும் எண்பத்தேழுக்கு ஸ்கோப்யேதான். போன வருடம் பனி உருகும் காலத்தில், வன்கூவரில் இருந்து மகள் வந்து பக்கத்தில் இருந்தபோது, அமைதியாகப் போனார்.

7

பூசைக் கருத்துக்குப் பெயர் கொடுத்த நாளில் இருந்து எனக்கு ஒரு உறுத்தல். ஐந்து மாதம் ஒரு மனிதனுக்குச் சொன்னதைப் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? பொய் என்றால் செய்த பாவத்தை நினைத்து மனஸ்தாபம், மனம் நொந்த வருத்தம், வர வேண்டும். எனக்கு வரவில்லை. வராததைச் சொல்வது இன்னொரு பொய்.

நேற்றுச் சனிக்கிழமை காலை, ஊரில் பின்னேரம் ஆகியிருக்கும், சேவியர் அண்ணைக்குப் போன் எடுத்தேன். நத்தாருக்கும் பாஸ்காவுக்கும் கதைப்போம். இத்தனை வருடத்தில் அந்தக் கோப்பையைப் பற்றி அவரும் கதைத்ததில்லை, நானும் கதைத்ததில்லை. கோலே ஐயாவின் கதையை முழுக்கச் சொன்னேன். கடைசியில் கேட்டேன்.

“அண்ணை, அந்த வருசத்துக்கு மண்டபச் சுவரில அவையின்ர பேர் இப்பவும் கிடக்கோ?”

“எந்தச் சுவரடா? மண்டபமே ஷெல் அடியில போயிட்டுது. இப்ப இருக்கிறது புதுசு.”

“அப்ப பட்டியல்?”

“பதிவுக் கொப்பியும் எரிஞ்சு போச்சு. புதுச் சுவரில எழுதப் பெயின்ரர் வந்து நிக்கிறான், ஒருத்தருக்கும் ஒண்டும் ஞாபகமில்லை. என்னைத்தான் கூப்பிட்டவை. நான் கதிரையில இருந்து வருசம் வருசமாச் சொன்னன், அவன் எழுதினவன்.”

“அந்த வருசத்துக்கு என்ன சொன்னனீங்கள்?”

அண்ணை கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“எங்கட பேரைத்தான் சொன்னன். கோல் விழுந்தது விழுந்ததுதானே. நான் அடிச்ச கோர்னர், நீ தலை குடுத்தனி. உன்ர தலை எந்தக் கோவில்ல நனைஞ்சது எண்டு அந்தப் பந்துக்குத் தெரியுமே?”

“அண்ணை, நான் உங்களுக்கு…” என்று தொடங்கினேன்.

“விசர்க் கதை கதையாதை. முப்பத்தஞ்சு வருசமா அதைக் காவிக்கொண்டு திரிஞ்சனியே, மடையா?”

“இதை எழுதட்டோ?” என்று கேட்டேன். “அங்க அவையளும் வாசிப்பினம்.”

“எழுது. அவைக்கும் தெரியும். அவையின்ர கப்டன்தான் பெயின்ரருக்கு ஏணி பிடிச்சவன்,” என்று அண்ணை சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா நான் சும்மா விடேல்லை. அடுத்த சனி பாவசங்கீர்த்தனத்தில சொல்லிப்போட்டன்.”

“சுவாமி என்ன சொன்னவர்?”

“மூண்டு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னவர். அழிக்கச் சொல்லேல்லை.”

போனை வைத்துவிட்டுச் சன்னலோரம் நின்று நானும் அந்தச் செபத்தை மூன்று தரம் சொன்னேன்.